கண்ணாத்தாள் கேள்வி

குளத்தூர் குளிரூட்டும் நிலையத்தில் ஞாயிறு சாயங்காலம் ஊற்றிய பால் அத்தனையும் திங்கட்கிழமை காலையில் திரிந்து கிடந்தது. அந்த நேரமெல்லாம் திருக்கோகர்ணத்தில், ராக்கன் கணினிச் சேவை அலுவலகத்துச் சுவரில் மாட்டியிருந்த பெரிய திரை, ‘குளத்தூர் கூலர்: நலம்’ என்று பச்சை எழுத்தில் காட்டிக்கொண்டிருந்தது.

செல்வராணி திரைக்கு முன்னால் நின்றபடியே போனில் பேசினார். வயது அறுபதைத் தாண்டியும் நாற்காலியில் சாய்ந்து உட்காராதவர். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், கணவர் பழனிச்சாமியின் தாத்தா பெயரில் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ‘ராக்கன் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் அது சொன்னதுதான்’ என்று குளத்தூர்ப் பக்கம் இன்றைக்கும் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் பெரிய பால் நிறுவனம் ஒன்று தன் ஐந்து கணினிச் சேவைகளையும் கண்காணிக்கும் பொறுப்பை இவர்களிடம் கொடுத்திருந்தது. பால் அளவுப் பதிவு, கொழுப்புச் சோதனை, கூலரின் வெப்பம், வண்டியின் தடம், பால் ஊற்றுகிறவர்களுக்குப் போகும் குறுஞ்செய்தி ஆகிய ஐந்துக்கும் சுவர்த் திரையில் தனித்தனிக் கட்டம் உண்டு.

போனில் பேசியவர் அந்த நிறுவனத்தின் மேலாளர் பாலாஜி. “மேடம், நீங்க பாத்துக்கிறீங்கன்னுதான நாங்க நிம்மதியா இருந்தோம்? மொதலாளியம்மா வியாழக்கிழமை நேர்ல வாராங்க. தப்பு கூலர் வித்தவன் மேலயா, ஒங்க மேலயான்னு அன்னைக்குத் தெரிஞ்சாகணும்.”

“தெரிஞ்சிரும்” என்றார் செல்வராணி. போனை வைத்ததும் குளத்தூர் நிலையப் பொறுப்பாளர் ஆனந்தராஜைக் கூப்பிட்டார்.

“தொட்டி இப்ப காலியா இருக்கா?”

“கழுவிக்கிட்டிருக்கோம்மா. நாத்தம் தாங்கலை.”

“டெம்பரேச்சர் பாக்குற ஒயர் ஒண்ணு தொட்டிக்குள்ள போகுமே, அதைக் கழட்டுங்க.”

“கழட்டிட்டேன்.”

செல்வராணி திரையைப் பார்த்தார். நலம். சற்றுப் பொறுத்து மறுபடி பார்த்தார். நலம்.

“ஆனந்தராஜ், ஒயரு ஒங்க கையிலதான இருக்கு?”

“கையிலதாம்மா இருக்கு. கீழ வச்சிரவா?”

“வைங்க” என்றவர் திரும்பினார். பின்னால் எழிலரசன் நின்றுகொண்டிருந்தான். கொழுந்தனார் மகன். முப்பது வயது. இந்த நிறுவனத்தின் கணினி நிரல்கள் எல்லாம் அவன் எழுதியவை.

“எழிலு, ஒயரு தரையில கெடக்கு. ஒன் திரை நலம்ங்குது. யாரைக் கேட்டு நலம்ங்குது?”

எழிலரசன் தன் கணினியில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். கண்காணிப்பு நிரல் ஒவ்வொரு சேவையையும் நிமிடத்துக்கு ஒருமுறை ‘நலமா?’ என்று கேட்கும். சேவை பதில் சொல்லவேண்டும். பதில் சொல்லும் இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. எப்போது கேட்டாலும் ‘நலம்’.

“மொத சேவைக்கு இதை எழுதுனேன் பெரியம்மா. அப்புறம் மத்த நாலுக்கும் இதையே காப்பி போட்டுட்டேன். நெசமான சோதனையைப் பின்னால எழுதிக்கலாம்னு நெனச்சேன். எல்லாம் பச்சையா இருந்துச்சா, மறந்தே போச்சு.”

பக்கத்து மேசையில் இருந்த அருணா வாய்க்குள் ஏதோ சொன்னாள். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பொறியாளர் அவள். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு.

“என்னம்மா சொன்ன?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

“முழுங்காம சொல்லு.”

“போன வருசம் பழனிச்சாமி சார் திருச்சி ஆஸ்பத்திரியில இருந்தப்ப, யாரு போன் பண்ணாலும் ‘நல்லா இருக்காரு’ன்னு சொல்லச் சொன்னீங்க. ஐசியூவுல இருந்த அன்னைக்கும் நாங்க அதையேதான் சொன்னோம். ராக்கன் வீட்டுப் பழக்கம் மெசினுக்கும் வந்துருச்சுன்னு சொன்னேன்.”

எழிலரசன் தரையைப் பார்த்தான். செல்வராணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

அருணா சொன்னது சுட்டது உண்மைதான். ஆனால் அதற்காக அவர் வெட்கப்படவில்லை. உபசாரத்துக்கு விசாரிக்கிற ஊருக்கெல்லாம் படுக்கை விரித்துக் காட்டவேண்டிய அவசியம் ராக்கன் வீட்டுக்கு இல்லை. சுட்டது வேறு. இந்தப் பால்காரர்கள் உபசாரத்துக்குக் கேட்கவில்லை. நீங்கள் சொல்வதை நம்பித் தூங்கப்போகிறோம் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் அதே பதில்.

“வியாழக்கிழமைக்குள்ள இந்தத் திரை உண்மை பேசணும். இல்லைன்னா வாசல்ல இருக்கிற ராக்கன் பேரை நானே எறக்கிருவேன். அந்தப் பேரை வச்சுக்கிட்டு இந்த வேலை பாக்கக்கூடாது. வேற பேரு போட்டு நீ கடை நடத்திக்க.”

“பெரியம்மா…”

“பேசுனது போதும்.”

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. ஐந்து சேவைகளிடமும் ‘நலமா’ என்று கேட்காமல் வேறு எப்படிக் கேட்பது? யோசித்தபோது வந்து நின்றது நாத்தனார் கண்ணாத்தாளின் குரல். அந்தக் குரலை அவருக்குப் பிடிக்காது. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அத்தனை பேரும் ‘நல்லா இருக்காரு’ என்ற பதிலோடு போனை வைத்தார்கள். கண்ணாத்தாள் மட்டும் வைக்கவில்லை. ‘காலையில என்ன சாப்பிட்டுச்சு அண்ணி? இட்லின்னா எத்தனை? சட்னியா, சாம்பாரா? சரி, போனை அண்ணன் கையில குடுங்க, கொரலைக் கேக்குறேன்’ என்றாள். இட்லி எண்ணிக்கையில் செல்வராணி தடுமாறினார். அடுத்த பஸ்ஸில் கண்ணாத்தாள் வந்து இறங்கிவிட்டாள். அந்த அவமானத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தார். “எழிலு, அருணா, இங்கிட்டு வாங்க. இனிமே எந்தச் சேவையையும் ‘நல்லா இருக்கியா’ன்னு கேக்கக்கூடாது. கண்ணாத்தா கேக்குற மாதிரி கேக்கணும்.”

“அத்தை மாதிரியா?” எழிலரசன் திடுக்கிட்டான். “அத்தை கேட்டா மெசினே அழுதுரும் பெரியம்மா.”

“அழட்டும். கூலரைக் கேளு, இப்ப எத்தனை டிகிரி, அந்த எண்ணு எப்ப எடுத்ததுன்னு. நேத்து எடுத்த எண்ணை இன்னைக்குச் சொன்னா அது பொய். பதிவுச் சேவையைக் கேளு, கடைசியா யாரு பால் ஊத்துனா, எந்நேரத்துக்குன்னு. குறுஞ்செய்தி போகுதான்னு கேக்காத. என் போனுக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லு. வந்தாத்தான் நம்புவேன்.”

அருணாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது. ஆனாலும் அவள் உடனே தலையாட்டுகிற பெண் இல்லை. “ஆனா எல்லாத்துக்கும் ஒரே அளவு வச்சா ஆகாது மேடம். மதியம் யாரும் பால் ஊத்த மாட்டாங்க. கடைசிப் பதிவு எப்பன்னு மதியமும் கேட்டோம்னா தினமும் அலறும். ரெண்டு நாள் பாத்துட்டு எழில் சாரு மௌனப் பொத்தானை அமுக்கிருவாரு.”

“நான் ஏன் அமுக்கப்போறேன்?”

“போன மாசம் ஆபீஸ் போன் ஓயாம அடிக்குதுன்னு அதை அமுக்கி வச்சீங்களே.”

செவ்வாயும் புதனும் இதே சண்டையில் போயின. ஒவ்வொரு சேவைக்கும் அதற்குரிய அளவை உட்கார்ந்து வைத்தார்கள். பதிவுச் சேவையைக் காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்றும் நேரத்தில் மட்டும் கேட்பது. கூலரில் கறந்த சூட்டோடு பால் விழுந்தால் வெப்பம் ஏறத்தான் செய்யும், அது நோய் அல்ல. ஊற்றி முடித்தபின் இறங்காமல் நின்றால்தான் நோய். பால் வண்டி கீரனூரில் ஓர் இடத்தில் நகராமல் நின்றதும் திரை சிவந்தது. ஓட்டுநருக்குப் போன் போட்ட எழிலரசன் சிரித்துக்கொண்டே வந்தான்.

“டீக்கடையில நிக்கிறாரு பெரியம்மா. ‘டீ குடிக்கிறதையும் கம்ப்யூட்டர்ல போட்டுட்டீங்களா’ன்னு ஏசுறாரு.”

“டீக்கு உண்டான நேரத்தை விட்டுட்டு அப்புறம் கேக்கச் சொல்லு.”

கடைசியாக, திரை சிவந்தால் யாருக்குப் போன் போகவேண்டும் என்ற பேச்சு வந்தது. முதலில் நிலையத்து ஆள். அவர் எடுக்காவிட்டால் எழிலரசன். அவனும் எடுக்காவிட்டால்?

“எனக்கு” என்றார் செல்வராணி.

“ஒங்களுக்கு எதுக்கு பெரியம்மா? அருணாவுக்குப் போடலாம்.”

“பேரு எங்க வீட்டுப் பேரு. எனக்கே போடு.”

புதன் சாயங்காலம் ஆனந்தராஜ் மறுபடி ஒயரைக் கழற்றினார். அவர் அதைக் கீழே வைப்பதற்குள் அவர் சட்டைப்பையிலேயே போன் அடித்தது. “அம்மா, என்னையவே கூப்பிடுதும்மா” என்று நிலையத்துத் தொலைபேசியில் அவர் கத்தியது அலுவலகம் முழுவதும் கேட்டது. சுவரில் சிவப்பு எழுத்து: ‘குளத்தூர் கூலர்: பதில் இல்லை’. சிவப்பைப் பார்த்து செல்வராணி சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலையில் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். ஐந்து கட்டங்களும் பச்சையாக இருந்தன. பால் நிறுவனத்தின் கார் திருக்கோகர்ணத்துக்குள் நுழைந்துவிட்டது என்று பாலாஜி போனில் சொல்லி முடித்த நிமிடத்தில், குளத்தூர் கட்டம் சிவந்தது. ஒயர் கழற்றப்படவில்லை. காலைப் பால் ஊற்றி முடித்து நேரமாகியும் வெப்பம் ஏழு டிகிரியிலேயே நின்றது. நாலுக்கு இறங்கியிருக்கவேண்டும்.

எழிலரசன் கணினிக்கு ஓடினான். “பெரியம்மா, ஆனந்தராஜுக்குப் போன் போயிருச்சு, அவரு பாத்துக்கிட்டிருக்காரு. நம்ம திரையில மட்டும் அரைமணி நேரத்துக்கு மௌனம் போட்டுருவோம். அவங்க வந்துட்டுப் போயிரட்டும். வீட்டுக்கு வாரவங்க முன்னால இப்படிச் செவப்பா…”

அவன் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் சொன்னதில் ராக்கன் வீட்டுக் குரல்தான் இருந்தது. செல்வராணியே பல தடவை பேசிய குரல். விருந்தாளி வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைக்கிற வீடு அது.

இணைப்பகத்தில் ஒரு அபாய மணி இருந்தது அவருக்கு நினைவு வந்தது. பழுது வந்தால் அடிக்கும். சத்தம் தாங்காமல் யாரோ அதற்குள் துணியை அடைத்துவைத்திருந்தார்கள். வேலையில் சேர்ந்த புதிதில் அந்தத் துணியைப் பிடுங்கி மேலதிகாரி மேசையில் வைத்தவர் அவர்தான்.

“கையை எடு” என்றார். “மணிக்குள்ள துணி அடைக்கிற வேலை இங்க வேணாம். அவங்க வந்து பாக்கட்டும்.”

பால் நிறுவனத்தின் முதலாளி சொர்ணவல்லி உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தச் சிவப்புக் கட்டம். நின்ற இடத்திலேயே நின்றார். பாலாஜியின் முகம் வெளுத்தது.

“வாங்க, உக்காருங்க” என்றார் செல்வராணி.

“உக்காருறது இருக்கட்டும். இது என்னங்க?”

“ஒங்க குளத்தூர் கூலர். பால் ஊத்தி முடிச்சும் குளிரு எறங்கலை. ஒங்க ஆளுக்குப் போன் போயிருச்சு.”

“ஞாயித்துக்கிழமை இது என்ன சொல்லிச்சு?”

“நலம்னு சொல்லிச்சு.”

“கூலர் தப்பான தகவல் குடுத்துருக்குமோ?” என்று பாலாஜி இழுத்தார். அது அவர் நீட்டிய கை. பிடித்துக்கொண்டிருந்தால் பழி கூலர் விற்றவர் தலையில் போயிருக்கும். எழிலரசன் பெரியம்மாவைப் பார்த்தான்.

“இல்லைங்க” என்றார் செல்வராணி. முதுகு இன்னும் நிமிர்ந்தது. “கூலர் நின்னது அதோட பழுது. நின்னதை ஒங்ககிட்ட மறைச்சது எங்க பழுது. எங்க நிரல் கூலரைப் பாக்காமலே நலம்னு சொல்லியிருக்கு. திங்கட்கிழமைதான் கண்டுபிடிச்சோம். அஞ்சு சேவையையும் குறிப்பாக் கேள்வி கேக்குற மாதிரி மாத்தி எழுதியிருக்கோம். இந்தச் செவப்பு அதுல வந்ததுதான். நீங்களே ஒங்க ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

சொர்ணவல்லி கேட்டார். போனில் ஆனந்தராஜின் குரல் மூச்சிரைத்தது. கரண்டு குறைவாக வந்து கூலரின் மோட்டார் இழுக்கவில்லை என்றும், அவர் கணக்கு எழுத உள்ளே போய்விட்டதால் கவனிக்கவில்லை என்றும், திருக்கோகர்ணத்திலிருந்து போன் வந்தபிறகுதான் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டதாகவும் சொன்னார். “மதியம் வரைக்கும் இப்படியே கெடந்துருந்தா இன்னைக்குப் பாலும் போயிருக்கும்மா.”

எல்லோரும் திரையையே பார்த்தார்கள். ஏழு. நெடுநேரம் ஏழு. பிறகு ஆறு.

சொர்ணவல்லி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “பாலாஜி, கூலர்காரரைக் கண்டபடி பேசுனீங்கல்ல? போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க.” பிறகு செல்வராணியிடம் திரும்பினார். “‘தப்பு எம்மேலதான்’னு எவனும் தானா ஒத்துக்கிட்டு நான் கேட்டதில்லை. கோவம் எனக்கு இன்னும் போகலைங்க. அது போக நாளாகும். கீரனூர்ல புதுசா ஒரு தொட்டி வைக்கிறோம். அதையும் ஒங்க திரை இதே மாதிரி கேள்வி கேக்குமா?”

“கேக்கும். ஆனா இதே அளவு அதுக்கு ஒத்துவராது. அந்தத் தொட்டியைப் பாத்துட்டுத்தான் அளவு வைப்போம்.”

“நாளைக்கே ஆளை அனுப்புங்க.”

கார் கிளம்பியதும் எழிலரசன் வாசலுக்குப் போய் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தான். அருணா திரும்பி உட்கார்ந்து கீரனூருக்குப் புதிய கட்டம் ஒன்றைத் திறந்தாள். அதில் கேட்கப்போகும் கேள்விக்கு நிரலில் என்ன பெயர் கொடுத்திருக்கிறாள் என்று செல்வராணி எட்டிப் பார்த்தார். ‘கண்ணாத்தாள்’ என்றிருந்தது. மாற்றச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

மேசையில் போன் அடித்தது. கண்ணாத்தாளேதான்.

“அண்ணி, அண்ணன் எப்படி இருக்கு?”

‘நல்லா இருக்காரு’ என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செல்வராணி சுவரைப் பார்த்தார். குளத்தூர் கட்டத்தில் ஐந்து.

“மாடி ஏறுனா மூச்சு வாங்குது கண்ணாத்தா. நேத்து டாக்டர் மாத்திரையை மாத்தியிருக்காரு.”

“துருவிக் கேக்காமலே சொல்லிட்டீங்களே அண்ணி” என்றாள் கண்ணாத்தாள். “நாளைக்குக் காலையில வாரேன். நீங்க சாப்பிட்டீங்களா?”

“இல்ல.”

“என்ன கொழம்பு?”

“சாப்பிடவே இல்லைங்கிறேன்ல” என்று எரிந்து விழுந்தார் செல்வராணி. போனை வைத்துவிட்டு, திரை நாலைக் காட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினார்.