சிவப்புக் கயிறு கட்டினது

"காதை மூடிக்கிட்டு அப்படி என்னதான் கேக்குற நீ?" என்று மேகம் அண்ணன் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மெஷின் ஓடாத நேரத்திலும் காதுமூடியைக் கழற்றாமல் திரிகிறவள் நான் ஒருத்திதான். அதை மாட்டிக்கொண்டால் தோட்டம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். புல்வெட்டும் மெஷின் எங்கோ தூரத்தில் பெரிய வண்டு மாதிரி முரலும். இலைகள் சத்தமில்லாமல் அசையும். என் மூச்சு மட்டும் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிறகு சித்தப்பா என்னைத் தன் வேலைக்குக் கூட்டிக்கொண்டார். வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் தோட்டம் பார்த்துக்கொடுப்பது அவர் தொழில். ஒரு பழைய வேன். அதன் பின்கதவு உதைத்தால்தான் மூடும். புல் வெட்டுகிறவர் மாமா, அதாவது சித்தியின் அண்ணன். மருந்து அடிக்கிறவர் மேகம் அண்ணன். வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்டு, முதுகில் டேங்கோடு அவர் நடந்தால் முழங்காலைச் சுற்றி மெல்லிய பனி எழும். கால்கள் தெரியாது. மிதந்து போகிற மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். அவரும் சித்தப்பாவும் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. சித்தப்பா சொன்னால் மேகம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில்கூட இறங்குவார் என்று மாமா கிண்டல் செய்வார். மேகம் அண்ணன் அதை மறுத்ததில்லை.

என் வேலை, பார்ப்பது. வாயைத் திறக்காதவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது என்பது மாமாவின் கருத்து. கல் தெறிக்கிற பக்கம் யாராவது வருகிறார்களா, ஏணி ஆடுகிறதா, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முகமூடியை இறக்குவதற்கு முன்னால் மேகம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். பனி அடங்கியிருந்தால் நான் கட்டைவிரலை உயர்த்துவேன். ஆபத்து என்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகக் கட்ட வேண்டும். அதைப் பார்த்தவர் மெஷினை நிறுத்திவிட்டு, இருந்தது இருந்தபடி நின்றுவிட வேண்டும். கை தூக்கியவர் "விடு" என்று சொல்லும்வரை அசையக் கூடாது.

இந்த விதிகளைச் சித்தப்பா திங்கள்கிழமைகளில் வேனுக்குள் உட்கார்ந்து வாசிப்பார். காப்பீட்டுக்காரர்கள் வாசிக்கச் சொன்னதால் வாசித்தார். செய்தி வாசிக்கிறவர் மாதிரி குரலை மாற்றிக்கொள்வார். மருந்தை அதன் கேனிலிருந்து வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது என்று வாசித்த அன்று மாமா விடவில்லை.

"எந்த மருந்த மாப்ள? தலைவலிக்குக் குடிக்கிறதும் மருந்துதான், களைக்கு அடிக்கிறதும் மருந்துதான்."

"உன் தங்கச்சி போடுற காப்பியயும் சேத்துக்க. மூணும் ஒரே ருசி," என்றார் சித்தப்பா.

கை தூக்கி நிற்கிற பயிற்சி எங்களுக்கு விளையாட்டாகிவிட்டது. அசைந்தவர் வேனைக் கழுவ வேண்டும். மாமாதான் எப்போதும் கழுவுவார். மேகம் அண்ணன் ஒரு காலைத் தூக்கியபடிகூட நிற்பார், சிமிட்டாமல்.

அன்று போனது ஒரு பெரிய வீடு. ஆட்கள் ஊரில் இல்லை. காற்றே இல்லாத காலை. வெயில் மஞ்சளாக, தேனில் கரைத்த மாதிரி புல்வெளிமேல் கிடந்தது. மேகம் அண்ணனுக்கு இரண்டு மூன்று நாளாக இருமல். சித்தி கொடுத்தனுப்பிய புது இருமல் மருந்து வேனின் முன்பெட்டியில் இருந்தது. முந்தைய இருமல் மருந்து பாட்டில் காலியாகியிருந்தது. அதைக் கழுவி, கேனிலிருந்து களைமருந்தைச் சித்தப்பா அதில் ஊற்றியதைக் காலையில் பார்த்தேன். ஒரு பாட்டில் ஒரு டேங்குக்குக் கச்சிதமாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம் என்றார். பாட்டிலின் கழுத்தில் ஒரு சிவப்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சிவப்புக் கயிறு கட்டினது மருந்து. சரியா பாப்பா?"

தலையாட்டினேன்.

பிறகு நான் காதுமூடிக்குள் போய்விட்டேன். மாமா தூரத்துச் சரிவில் வண்டு மாதிரி முரன்றுகொண்டு போனார். மேகம் அண்ணன் வேலியோரம் மிதந்தார். சித்தப்பா கேட்டுக்குப் பக்கத்தில் போனில் யாருக்கோ மரம் வெட்டுவதைப் பற்றிக் கையாட்டி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. இருமி இருமிக் களைத்துப்போன மேகம் அண்ணன், முகமூடிக்குள்ளிருந்தே "மருந்து எங்க?" என்று அவரைக் கேட்டாராம். டேங்க் தீர்ந்துவிட்டது என்று நினைத்த சித்தப்பா, போனிலிருந்து வாயை எடுக்காமல், வேனில் இருக்கிறது, சிவப்புக் கயிறு கட்டினது என்றாராம். இது பின்னால் தெரிந்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான். டேங்கை இறக்கி வைத்துவிட்டு மேகம் அண்ணன் வேனிலிருந்து திரும்பி வந்து, புல்வெளியின் அந்தக் கரையில் நின்று என்னைப் பார்த்தார். பனி அடங்கியிருந்தது. கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் கையுறையைக் கழற்றி, முகமூடியைத் தாடைக்கு இறக்கி, நல்ல காற்றை இழுத்தார். கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினார். அவர் விரல்களுக்கு நடுவில் சிவப்பாக ஒன்று வெயிலில் தெரிந்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. வாய் திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் அவர் உதட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல், ஒரு பறவை கிளையில் இறங்குகிற மாதிரி. என் கைகள் தாமாகவே மேலே போய்க் குறுக்காகக் கட்டிக்கொண்டன.

அவர் கண் இன்னும் என்மேல்தான் இருந்தது. நின்றுவிட்டார்.

மாமாவும் பார்த்துவிட்டார். வண்டு செத்தது. சித்தப்பா போனைக் காதில் வைத்தபடி நின்றார். புல்லின் பச்சை வாசனை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. கைகளை இறக்காமலே நான் புல்வெளியைக் கடந்து நடந்தேன். அது நீண்டுகொண்டே போனது. பாட்டில் அவர் உதட்டுக்கு ஒரு விரல் தள்ளிச் சாய்ந்திருந்தது. அதன் வாயின் விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. மேகம் அண்ணனின் கண்கள் சிரித்தன. விளையாட்டு என்று நினைத்திருந்தார். இந்த முறையும் அவர்தான் ஜெயிப்பார் என்பது மாதிரி இருந்தது அந்த முகம்.

பாட்டிலை அவர் கையிலிருந்து எடுத்தேன்.

"இது களைக்கு அண்ணா," என்றேன்.

என் குரல் காதுமூடிக்குள் யாரோ பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி எனக்கே கேட்டது. அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். உடனே எல்லாம் மிக அருகில் வந்துவிட்டன: ஒரு குருவி, சூடான மெஷினின் சொடக்கு, மேகம் அண்ணனின் நெஞ்சுக்குள் கர்ரென்ற ஒலி.

அவர் பாட்டிலின் ஒட்டுத்தாளைப் பார்த்தார். இருமும் குழந்தையின் படம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. கயிற்றை விரலால் தொட்டார். பிறகு மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினார்.

சித்தப்பா அதற்குள் ஒரு வேடிக்கைப் பேச்சை ஆரம்பித்திருந்தார். இருமலும் போயிருக்கும், களையும் போயிருக்கும் என்பது மாதிரி ஏதோ. பாதியில் அது அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

"டேங்குக்குக் கேக்குறன்னு நெனச்சேன்டா," என்றார். கொஞ்சம் கழித்து, "ஏதாவது திட்டேன்டா."

மேகம் அண்ணன் குழாயடிக்குப் போனார். உதட்டில் ஒன்றும் படவில்லை. ஆனாலும் வெகுநேரம் உதட்டையும் கையையும் கழுவினார். அங்கியைச் சித்தப்பா வாசிக்கிற விதியில் உள்ளபடியே, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கழற்றினார். முகமூடியை வேன் கொக்கியில் மாட்டினார். வெள்ளை போனதும் அவர் சாதாரணமாக, கொஞ்சம் ஒல்லியாக, கால்கள் தெரிகிறவராக இருந்தார். தன் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். பின்கதவை உதைத்து மூடினார்.

மாமா மெஷின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். சித்தப்பாவும் அசையவில்லை. "விடு" என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதற்காகத்தான் சித்தப்பா அப்படி நிற்கிறார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது.

மேகம் அண்ணன் என் பக்கம் வந்தபோது என் கழுத்தில் தொங்கிய காதுமூடியைப் பார்த்தார். எதையோ கேட்கப்போகிற மாதிரி தலையைச் சாய்த்தார். கேட்கவில்லை. வாசல் கேட்டைத் திறந்து, கொண்டி சத்தம் போடாதபடி கையால் தாங்கி மூடிவிட்டு, தெருவின் வெயிலுக்குள் நடந்து போனார்.