விரதக்காரருக்கு முட்டை

அந்த ரொட்டியை முதன்முதலாகப் பார்த்தபோது பூங்காவனத்துக்குச் சிரிப்பும் பாவமும் சேர்ந்தே வந்தன. அட்டைப்பெட்டி நிறைய, சதுரம் சதுரமாக அடுக்கியிருந்தது. உப்பல் என்பது மருந்துக்கும் இல்லை. உடம்பெல்லாம் வரிசையாக ஊசிப் பொத்தல். ஓரத்தில் உடைந்து கிடந்த துணுக்கை வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. இதைத் தின்பதற்காகவா ஒரு மனுஷன் அமெரிக்காவிலிருந்து பெட்டி கட்டித் தூக்கிக்கொண்டு வருவான்?

பெட்டிக்குச் சொந்தக்காரர் லெவின். திருமழிசைத் தொழிற்சாலையில் இறங்கியிருந்த புது மிஷினைப் பூட்டி ஓட்டிக் காட்ட வந்த இன்ஜினியர். தங்கல், கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி கெஸ்ட் ஹவுஸில். அங்கே சமையல்தான் பூங்காவனம். ஆறு மாதமாகத் தற்காலிகம். புருஷன் வேலுசாமியின் கம்பெனி தை மாதமே கதவைச் சாத்திவிட்டதால், இந்த அடுப்பு எரிந்தால்தான் அந்த வீட்டு அடுப்பும் எரியும்.

மேனேஜர் சண்முகசுந்தரத்துக்கு ஒரு மச்சான் இருந்தான். மச்சானுக்கு ஒரு கேட்டரிங் இருந்தது. கேட்டரிங்குக்கு வேலைதான் இல்லை. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. லெவின் நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் அவளை நிரந்தரமாக்குவதாகவும், முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் மேனேஜர் சொல்லியிருந்தார். ரெண்டாவதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாணக் களை வந்தது.

தொண்ணூற்றைந்து, சித்திரை பிறந்த மறுநாள். மேனேஜர் ஒரு தாளை வைத்துக்கொண்டு படித்தார். லெவின் யூதர். அவர்களுக்கு எட்டு நாள் பண்டிகை. அந்தக் காலத்தில் ஒரு ராஜாவிடம் அடிமையாகக் கிடந்தவர்கள் தப்பி ஓடின நாளாம். மாவு புளித்துப் பொங்கக்கூட நேரமில்லாமல் அப்படியே சுட்டுத் தின்றுவிட்டு ஓடினார்களாம். அதனால் எட்டு நாளும் புளித்தது எதுவும் கூடாது. இட்லி, தோசை நினைத்தே பார்க்கக் கூடாது. சப்பாத்தியும் கூடாது. அவர்கள் வீட்டு வழக்கப்படி சோறும் பருப்பும்கூட ஆகாது.

பூங்காவனம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப துன்றதுக்கு இன்னாதான் கீது சார்? காத்தா?" என்றாள்.

மேனேஜருக்குத் தெரியவில்லை. ஆனால் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இது என்ன அதிசயம்? இவர் மாலை போட்டிருக்கிறார், அவ்வளவுதானே. வேலுசாமி வருஷா வருஷம் கார்த்திகையில் மாலை போடுவான். அந்த நாற்பத்தெட்டு நாளும் அவன் பக்தியில் கிடப்பான், இவள் பாத்திரத்தில் கிடப்பாள். தெரியாத வேலையா?

அன்றைக்கே தலைக்குக் குளித்தாள். பழைய சட்டி, கரண்டி, குக்கர் எல்லாவற்றையும் கோணியில் கட்டி ஸ்டோர் ரூமில் தள்ளினாள். அரிசி, பருப்பு, கோதுமை மாவு டின்களை வாட்ச்மேன் துலுக்கானத்தின் அறைக்கு ஏற்றினாள். ஷெல்பைக் கழுவி, அடுப்பைத் தேய்த்து, சந்து பொந்தெல்லாம் பெருக்கினாள். அம்பத்தூர் பாத்திரக் கடையில் புதிதாக ஒரு சட்டி, ஒரு இரும்பு வாணல், ஒரு கரண்டி வாங்கினாள். கடைசியாக முட்டைத் தட்டைத் தூக்கித் துலுக்கானத்திடமே கொடுத்தாள். விரத வீட்டில் முட்டை ஆகுமா? அவளுக்குக் கண் மூடினால் ஆம்லெட் தெரியும். இருந்தாலும் எட்டு நாள் தொடுவதில்லை என்று அவளும் இருந்துவிட்டாள்.

ரெண்டு நாள் உருளைக்கிழங்கை அவித்தாள், வறுத்தாள், மசித்தாள். லெவின் சிரித்த முகமாகச் சாப்பிட்டார். ஆனால் மூன்றாம் நாள் அந்தச் சிரிப்பும் உருளைக்கிழங்கு மாதிரியே ஆகிவிட்டது. சாயங்காலம் மேனேஜர் வந்து, லெவின் கேட்டதாக, காலையில் பலகாரமாக இந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, முட்டை அடித்து ஊற்றி, பழம் போட்டு இனிப்பாகச் செய்யச் சொன்னார். லெவினின் அம்மா செய்வதாம்.

பூங்காவனம் சரி என்று தலையை ஆட்டினாள். மனசுக்குள் காறித் துப்பினாள். விரதக்காரருக்கு என் கையாலேயே முட்டையைப் போடவைத்து, அவர் கோபித்துக்கொண்டதும் மச்சானைக் கொண்டுவந்து உட்காரவைக்கப் பார்க்கிறாயா? நீ தடுக்கில் பாய்ந்தால் நான் கோலத்தில் பாய்கிறவள்.

மறுநாள் விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து ரொட்டியைப் பாலில் போட்டாள். ஒரு முழு மணி நேரம் ஊறவிட்டாள். அது களியாகிவிட்டது. அஞ்சுவாளா? புது வாணலில் நெய்யைக் காயவிட்டு, வெல்லம், வாழைப்பழம், ஏலக்காய் எல்லாம் போட்டு, சுருளச் சுருளக் கிண்டி, உருட்டித் தட்டில் வைத்தாள்.

லெவின் ஒரு வாய் சாப்பிட்டார். நல்லாயிருக்கிறது என்று தலையசைத்தார். பிறகு தட்டைக் கரண்டியால் கிளறி எதையோ தேடினார். "எக்?" என்றார்.

அவள் வானத்தைக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நோ எக். சாமி" என்றாள்.

லெவின் தட்டை நகர்த்தி வைத்தார். எழுந்து, கட்டியிருந்த லுங்கியோடு தெருமுனைக் கடைக்கு நடந்து போய், பேப்பரில் சுற்றின ஆறு முட்டையோடு வந்தார். அவர் பின்னாலேயே தெருவில் பாதி வந்தது. நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். ரொட்டியை ஒடித்தார், குழாய்த் தண்ணீரில் ஒரு கணம் காட்டிப் பிழிந்தார், முட்டையை உடைத்து அடித்தார். பூங்காவனம் ஓரத்துக்கு ஒதுங்கினாள். மாலை போட்டவர் தன் கையாலேயே முட்டை உடைப்பதைப் பார்க்க அவள் என்ன பாவம் செய்தாளோ.

வாணல் புதுசு, பழகாத இரும்பு. மனுஷன் ஊற்றினதெல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டது. அவர் சுரண்டிக்கொண்டிருக்கும்போதுதான் வேனோடு மேனேஜர் வந்தார். விருந்தாளி அடுப்படியில், சமையல்காரி கன்னத்தில் கை வைத்து ஓரத்தில்.

"நல்லாயிருக்கு. தொரை சமைக்கிறாரு, நீ வேடிக்கை பாக்குறியா? நாளைலேருந்து நீ வரவேணாம்."

பூங்காவனம் ஆறு மாதம் ஒரு நாள் லீவு போடாமல் வந்தவள். தன் பக்கத்து நியாயத்தை இந்த ஆளை விட்டு இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் அது உருப்படுமா? லெவினின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கோணியை அவிழ்த்துப் பழைய சட்டிகளைக் காட்டினாள். கழுவின ஷெல்பைக் காட்டினாள். துலுக்கானத்தின் அறையைத் திறந்து மாவு டின்களைக் காட்டினாள். திரும்ப வந்து புது வாணலைத் தட்டி, எட்டு விரலை நீட்டி, லெவினைச் சுட்டினாள்.

லெவின் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேனேஜரிடம் நிறையப் பேசினார். மேனேஜரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

"இன்னா சார் சொல்றாரு? முழுசா சொல்லு."

மேனேஜர் விழுங்கி விழுங்கிச் சொன்னார். பண்டிகைக்கு முன்னால் அவருடைய அம்மாவும் இப்படித்தான் வீடு பூராவும் கழுவி, மாவையெல்லாம் வெளியே தள்ளி, பழைய பாத்திரத்தைப் பூட்டி, தனிப் பாத்திரம் எடுப்பாராம். இந்தியாவில் எப்படியோ கண்ணை மூடிக்கொண்டு எட்டு நாளை ஓட்டிவிடலாம் என்று வந்தாராம். கேட்காமலே ஒருத்தி செய்துவைத்திருப்பாள் என்று நினைக்கவில்லையாம். முட்டை மட்டும் தாராளமாகச் சாப்பிடலாமாம்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? நானும் மூணு நாளா துன்னல" என்றாள் பூங்காவனம்.

கரண்டியைப் பிடுங்கி, நெய்யைத் தாராளமாக விட்டு, ஒட்டினதைப் பெயர்த்துப் புரட்டினாள். மாம்பழத்தை நறுக்கிப் போட்டுச் சர்க்கரை தூவினாள். முதல் தட்டை லெவின் அவளிடம்தான் நீட்டினார். மேனேஜர் சைவம், வெளியே வேனில் காத்திருந்தார்.

லெவின் ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். ஆனி மாதம் நிரந்தர ஆர்டர் வந்தது. மச்சான் வேறு மாமனைப் பார்க்கப் போனான்.

கார்த்திகையில் வேலுசாமி மாலை போட்டான். இந்த வருஷம் அவனுக்கென்று வாணல் வாங்கவில்லையா என்று கேட்டான். பூங்காவனம் உள்ளே போய், கெஸ்ட் ஹவுஸிலிருந்து கொண்டுவந்திருந்த, நெய் குடித்துக் கறுத்துப் பழகியிருந்த அந்த வாணலை எடுத்துவந்து அடுப்பில் வைத்தாள்.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "சுத்தமானதுதானே இது?"

"சாமிக்குன்னே வாங்கினதுபா. மாலை போட்டவரு கைபட்ட வாணலு" என்றாள். "எந்த சாமி வந்தா இன்னா, தேய்க்கிறது நான்தானே. உக்காரு."