விரதக்காரி

“எனக்குக் கஞ்சி வேணும்” என்றாள் நீலா.

ஒப்பாரி சட்டென்று நின்றது. பாயில் கிடத்தியிருந்த ஸ்வாமிநாதனைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அவரை விட்டுவிட்டு அவர் மகளைப் பார்த்தார்கள். மூக்கைச் சிந்தத் தலைப்பைத் தூக்கிய ஒருத்தி தூக்கியபடியே இருந்தாள்.

யார் முன்னாலும் வாயைத் திறந்து சாப்பாடு கேட்கக் கூடாது என்பது அந்த வீட்டில் இரண்டு வருஷமாக அமலில் இருந்த சட்டம். சட்டம் போட்டவர் இப்போது மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

“துக்கத்துல என்ன பேசறோம்னு தெரியல அதுக்கு” என்று மல்லிகா அவசரமாகச் சொன்னாள். புருஷனை இழந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அந்த நிலையிலும் அவள் கண் போனது எதிரே உட்கார்ந்திருந்த தர்மாம்பாள் முகத்துக்குத்தான்.

“நல்லாத் தெரியுதும்மா. மணி பன்னெண்டரை. காலைல ஆறு மணிக்கு நாலு ஸ்பூன் சாப்பிட்டது. தலை சுத்துது.”

“அப்பன் கிடக்கிறான், அடுப்பு மூட்டுவாங்களாடி?” வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா அங்கிருந்தே கத்தினார். “பட்டணத்துல படிச்ச படிப்பா இது?”

தர்மாம்பாள் மட்டும் கோபப்படவில்லை. எட்டி நீலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “விடுங்கண்ணா. இன்னிக்கு வியாழக்கிழமை. வாரத்துல அஞ்சு நாள் விரதம் இருக்கிற பொண்ணு அது. வாய் தவறிக் கேட்டிருக்கும். இல்ல கண்ணு?”

நீலா கையை உருவிக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. அதுதான் எரிச்சல். ஸ்வாமிநாதன் ரஞ்சன்காவ் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். ஐந்து மணிக்கு, அவர்கள் குடியிருந்த கேம்ப் பகுதியின் முனையில் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்கு முன்பே எழுந்து, சாதமும் பருப்பும் கேரட்டும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் ஓட்டி, டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வந்த இந்த மூன்று வாரமும் அப்படித்தான். இன்றைக்கும் வைத்திருந்தார். ஷிக்ராபூர் தாண்டும்போது பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். செய்தி வந்ததும் முதலில் வந்த உறவுக்காரப் பெண்கள் செய்த முதல் காரியம், சாவு விழுந்த வீட்டில் சமைத்தது இருக்கக் கூடாது என்று டப்பாவைத் திறந்து, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த மோரித் தடுப்பில் கொட்டியது. கேரட் நிறத்தில் அது சாக்கடைத் துளைக்குள் இறங்குவதை நீலா நின்று பார்த்தாள். தடங்கல் இல்லாமல் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவளுக்குத்தான் இறங்காது. விழுங்கினால் உணவுக்குழாயின் அடிவாசல் திறக்க வேண்டும். அவளுக்கு அது திறக்காமல் இறுகிக்கொள்ளும். முதல் கவளத்திலேயே நெஞ்சுக்குள் கல் வைத்தாற்போல நிற்கும். தண்ணீர் குடித்துக் குடித்துத் தள்ள வேண்டும், அல்லது ஓடிப்போய் வெளியே எடுக்க வேண்டும். ராத்திரி படுத்தால் சாப்பிட்டது தலையணையில் வந்து கிடக்கும். மூன்று வருஷத்தில் ஐம்பத்திரண்டு கிலோ முப்பத்தெட்டாயிற்று. பார்த்த டாக்டர்கள் கேஸ் என்றார்கள், அல்சர் என்றார்கள். ஒருவர், கல்யாணம் செய்து வையுங்கள், சரியாகிவிடும் என்றார். அந்தக் குடும்பத்திலேயே முதல்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவள் நீலா. ஒரு நாள் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து தன் கஷ்டத்தை வரிவரியாக அடித்துத் தேடி, அகலேசியா என்ற பெயரை அவளே கண்டுபிடித்துத் தாளில் எடுத்துக்கொண்டு போனாள். “அப்ப நீயே வைத்தியம் பண்ணிக்க” என்றார் டாக்டர். பிறகு பேரியம் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் குழாய் மேலே பையாக வீங்கி, கீழே குருவி மூக்காகக் கூர்ந்திருந்தது. அவள் கண்டுபிடித்ததேதான்.

அதற்குள் விரதம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாவது வாய் சாம்பார் சாதத்தில் அவளுக்கு அடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் முட்ட அவள் இலையை விட்டு எழுந்தபோது, எதிர்ப் பந்தியில் தர்மாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வாமிநாதனுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கல்யாண வயதில் பாங்கில் வேலை பார்க்கும் பையன் இருக்கிற தங்கை. அவர் வாயில் வந்துவிட்டது: “அவளுக்கு இன்னிக்குச் சதுர்த்தி விரதம், தர்மா. மறந்து உக்காந்துட்டா.”

ஒரு பொய்க்கு ஒரு நாள் போதவில்லை. திங்கள் சோமவாரம், செவ்வாய் முருகன், வியாழன் குரு, வெள்ளி அம்மன், சனி பெருமாள். புதனும் ஞாயிறும்தான் எந்தச் சாமிக்கும் போகாமல் மிஞ்சின. அந்த நாட்களில் யார் வீட்டுக்கும் போவதில்லை. கேம்ப் தமிழர்கள் நடுவில் நீலாவின் பக்தி பேர் வாங்கிவிட்டது. கூட ஒரு தொல்லை. இந்த மராட்டி ஊரில் விரதம் என்றால் ஜவ்வரிசிக் கிச்சடி. தர்மாம்பாள் நெய் விட்டுக் கிளறிய சாபுதானாவைக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்து, “விரதக்காரிக்கு” என்று கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வாள். கோந்து மாதிரி ஒட்டும். நீலாவால் விழுங்க முடியாததிலேயே விழுங்க முடியாதது அதுதான்.

அறுவைச் சிகிச்சை என்று ஆனதும் மல்லிகா மாட்டேன் என்றாள். கையெழுத்துப் போட்டவர் ஸ்வாமிநாதன். வயிற்றில் ஐந்து துளை போட்டு, இறுகின தசையைக் கீறி விட்டார்கள். மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு மூடித் தண்ணீர் கொடுத்தாள். அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் தொண்டையையே பார்த்துக்கொண்டு, “இறங்கிச்சா?” என்று கேட்டார். “இறங்கிச்சுப்பா.” அவர் வராந்தாவுக்குப் போய் வெகு நேரம் வரவில்லை. வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “எல்லார்கிட்டயும் அப்பெண்டிக்ஸ்னு சொல்லியிருக்கேன்.”

இந்த மனுஷனை என்ன செய்வது? உயிரோடு இருந்தாலாவது சண்டை போடலாம்.

“நீலா.”

தர்மாம்பாள் மகன் பாஸ்கர் பின்பக்க நடையில் நின்றிருந்தான். அவன் கையில் புது வேட்டி இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“யார் குடுத்தாங்க?”

“பெரிய மாமா. ஆம்பளப் பிள்ளை இல்லாத வீடு. அவர் மூத்தவராம், தம்பிக்குச் செய்யக் கூடாதாம். மருமகன் வைக்கலாம்னு சொன்னார். மத்லப், அதாவது... ஆகப்போற மருமகன்.” அவன் செருப்பைப் பார்த்தபடி சொன்னான். “நான் கொள்ளி வச்சிட்டா ஒரு வருஷத்துக்குள்ள கல்யாணத்தை முடிச்சிடணுமாம். அம்மாவும் சரின்னுட்டாங்க.”

“என்னைக் கேட்டாங்களா?”

“இந்த டைம்ல எப்படி கேக்கறது?”

“பாஸ்கர், எனக்கு வந்தது அப்பெண்டிக்ஸ் இல்ல.”

“தெரியும்.”

“யார் சொன்னாங்க?”

“மாமா போன வாரம் பாங்குக்கு வந்து எல்லாம் சொன்னார். எக்ஸ்ரேகூடக் காட்டினார்.” அவன் குரலைத் தணித்தான். “எனக்கு ஒண்ணும் பிராப்ளம் இல்ல, நீலா. நிஜமா. சாஃப்ட்டா சமைச்சா போதும், தலைப்பக்கம் கட்டிலுக்குச் செங்கல் வைக்கணும், அவ்ளோதானே? அம்மாக்கு மட்டும் தெரிய வேணாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். அவங்க உன்னைச் சாமி மாதிரி நினைச்சிட்டாங்க. விரதம்னே இருக்கட்டும். நம்ம ரூமுக்கு நானே சாப்பாடு கொண்டு வந்துடறேன். கதவைச் சாத்திட்டு நிம்மதியா சாப்பிடு.”

“எத்தனை வருஷத்துக்கு?”

“அரே, டென்ஷன் எடுக்காத. பாத்துக்கலாம்.”

நல்லவன். அதில் சந்தேகமே இல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். தன் உடம்பைப் பற்றி இரண்டு ஆண்கள் பாங்கு கவுண்டரில் உட்கார்ந்து பேசி, அவளுக்கு ஒரு ரூமும் ஒரு கதவும் ஒதுக்கி, டீயும் குடித்துவிட்டுப் பிரிந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் செத்தும் போய்விட்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஷிந்தே காகூ முந்தானையால் மூடிய டம்ளரோடு நடைக்கு வந்தாள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நீலா ராத்திரியில் வாந்தி எடுத்ததை மூன்று வருஷமாக அந்தப் பக்கமிருந்து கேட்டவள். “பேஜ் ஆண்லீ. கே, பேட்டா” என்றாள், கஞ்சி கொண்டுவந்தேன், எடுத்துக்கோ என்று. பேஜ் என்றால் இங்கத்துக் கஞ்சி. உப்புப் போட்டு, நன்றாகக் கடைந்து, இளஞ்சூடாக இருந்தது.

மல்லிகா பின்னாலேயே ஓடி வந்தாள். “மோரிக்குள்ள போய் நின்னு குடிச்சிடு. தர்மா அண்ணி பாக்கறதுக்குள்ள. நான் வாசல்ல நின்னுக்கறேன்.”

“நிக்க வேணாம்மா.”

“நீலா, காலைத் தொடறேன்டி. இன்னிக்கு ஒரு நாள்.”

“எல்லா நாளும் இன்னிக்கு ஒரு நாள்தான்.”

டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். அப்பாவின் தோளருகே இடம் இருந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். மெதுவாக விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள். இறங்கியது. இரண்டாவது ஸ்பூன். நாலாவது ஸ்பூனுக்கு முன்னால் அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் நெஞ்சு இறுகிக்கொள்ளும் என்று நிறுத்திக்கொண்டாள்.

“கண்ணு... வியாழக்கிழமை” என்றாள் தர்மாம்பாள்.

“எனக்கு ஒரு நாளும் விரதம் கிடையாது அத்தை. தொண்டைக்குக் கீழ அடைப்பு. சாப்பிட முடியல, அதனால சாப்பிடல. ஆபரேஷன் அதுக்குத்தான். நீங்க குடுத்த சாபுதானால வாயில வச்சதும் மிஞ்சினதும் மோரியிலதான் போச்சு.”

“ஒரு வாய்கூட இறங்கலையா?”

“ஒரு வாய்கூட.”

தர்மாம்பாள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. “நெய் விட்டுப் பண்ணேனே” என்றாள். பிறகு பாயில் கிடந்த அண்ணனைப் பார்த்தாள். “நீயும் பக்கத்துல உக்காந்து, சாப்பிடும்மா சாப்பிடும்மான்னியே, பாவி” என்று ஆரம்பித்து நிஜமாகவே அழுதாள். காலையிலிருந்து அந்த வீட்டில் கேட்ட அழுகையில் அதுதான் கேட்கச் சகிக்காமல் இருந்தது. நீலா மிச்சக் கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

எல்லோரும் காத்திருந்த பம்பாய் உறவுக்காரர்கள் மூன்றே முக்காலுக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே முற்றத்தில் சவ வண்டி ஹாரன் அடித்தது.

“பாஸ்கரு, நேரமாவுதுப்பா” என்று பெரியப்பா உள்ளே வந்தார். நடந்தது எதுவும் நடக்காதது போல இருந்தது அவர் குரல். “கீழ குழாயடியில தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு ஈரத்தோட மேல வா. நீதான் கொள்ளிச் சட்டி எடுக்கணும். சுடுகாட்டு வேலையெல்லாம் நான் சொல்லித் தரேன்.”

பாஸ்கர் எழுந்தான். அம்மாவைப் பார்த்தான், நீலாவைப் பார்த்தான். வேட்டி அவன் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

“நீங்க உக்காருங்க பாஸ்கர்” என்று நீலா எழுந்து துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டினாள். வயிற்றுப் பிளாஸ்டர் இழுத்தது.

“எங்கடி போற?” என்றாள் மல்லிகா.

“குழாயடிக்கு.”

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் பெரியப்பா குதித்தார். “பொட்டப் பிள்ளை கொள்ளி வைக்கிறதா? அதுவும் வவுத்துல கஞ்சியோட! பட்டினி கிடந்து செய்யற காரியம்டி அது!”

“கஞ்சியோடதான் பெரியப்பா. இல்லன்னா படியிலயே விழுந்துடுவேன். அப்புறம் ரெண்டு வண்டி கூப்பிடணும்.”

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடவில்லை. தாண்டிப் போனாள். பல குடித்தனங்கள் இருந்த பழைய சாள் கட்டடத்தின் மரப்படிகள், ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போட்டது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். குழாயடியில் வண்டி டிரைவர் கண்ணாடி துடைக்கும் துணியை அலசிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றான். குழாயை மூடவில்லை. தண்ணீர் வெறும் கல்லில் விழுந்து ஓடிக்கொண்டிருந்தது.