இல்லை என்று சொன்ன மெசின்

கிட்ட வாங்கோ பிள்ளையள். கதவடியில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து இருங்கோ, குளிர் அடிக்கிறது. ஒரு பொம்பிளை மெசினோடு மல்லுக்கு நின்ற கதை சொல்லப் போகிறேன்.

ஈழத்தில் போர் முடிந்த அந்த வைகாசி. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறை. முகாம்களிலிருந்து கிடைத்த பெயர்களை ஒரு கொம்பியூட்டர் புரோகிராமில் ஏற்றி, சொந்தங்களைத் தேடி போன் எடுக்கிறவர்களுக்கு "உங்கட ஆக்கள் இருக்கினம்" என்று சொல்ல ஏற்பாடு. அன்று பின்னேரம் போன்கள் திறக்கும். புரோகிராமை எழுதியவர் அருள்நாயகம், பெரிய கொம்பனியொன்றில் மனேஜர். அதைச் சோதிக்கிறவள் குணவதி. அவள் கொம்பனியில் சம்பளத்துக்குச் செய்வதும் அதே வேலைதான்.

குணவதி தன் தங்கையின் குடும்பத்தைத் தேடிப் பார்த்தாள். முந்தின நாள்தான் முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் தங்கை கதைத்திருந்தாள். புருசன், பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் காலையில் குணவதியே உள்ளே ஏற்றியிருந்தாள். மெசின் சொன்னது: எவருமில்லை.

அவளுக்காவது தங்கையின் குரல் காதில் இருக்கிறது. அது இல்லாத சனம் இந்தச் சொல்லைக் கேட்டால் சாவீடு அல்லவா நடத்தும்?

"அண்ணை, இதைத் திறக்க விடமாட்டன்," என்றாள்.

"என்ர வீட்டு ஆக்களைப் போட்டுப் பாத்தனான். எல்லாரும் வந்தவை. நீர் பிழையாய் அடிச்சிருப்பீர்," என்றார் அருள்நாயகம்.

குணவதி கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்தாள். புரோகிராமின் ஒவ்வொரு படிக்குப் பிறகும் திரையில் ஒரு வரி காட்டச் சொல்லி எழுதினாள். 'பேர் பாத்தாச்சு.' 'வயது பாத்தாச்சு.' 'ஊர் பாத்தாச்சு.' எந்த வரியோடு நிற்கிறதோ, அதற்கு அடுத்த படியில்தான் பிழை.

போனுக்குப் பொறுப்பாயிருந்த ரில்வான் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, உங்கட புரோகிராம் பஸ் கொண்டக்டர் மாதிரி ஹோல்ற்றுக்கு ஹோல்ற் இடத்தின்ர பேரைக் கத்துது."

அருள்நாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "இதென்ன சின்னப்பிள்ளை வேலை? பிழை பிடிக்க எத்தினை கருவியள் இருக்கு. வழி முழுக்கக் கத்திக்கொண்டோ போறது?"

"டவுன்ரவுன் றோட்டிலை ஆர்ப்பாட்டத்துக்கு நிக்கிற எங்கட சனமும் கத்திக்கொண்டுதான் நிக்குது அண்ணை. வாயை மூடினால் அங்கை சனமே இல்லை எண்டு எழுதிப்போடுவாங்கள்."

ஓட விட்டாள். பேர் பாத்தாச்சு. வயது பாத்தாச்சு. ஊர் பாத்தாச்சு. அதோடு நின்றது. அடுத்த படியைத் திறந்தாள். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே கடைசிப் பெயர் இல்லையென்றால் குடும்பத்தையே தள்ளிவிடும் வரி அது.

"அது பிழையான ஆக்களைச் சேர்க்காமலிருக்க வச்சது," என்றார் அருள்நாயகம். "எனக்கும் என்ர பெடியனுக்கும் ஒரே கடைசிப் பேர்தானே."

"இஞ்சை வந்திறங்கி நீங்கள் மாத்தினது. அங்கை தகப்பன்ர பேர்தானே பிள்ளைக்குக் கடைசிப் பேர். தகப்பனுக்கு அவரின்ர தகப்பன்ர பேர். உங்கட ஐயாவின்ர பேரென்ன?"

"கதிரவேலு."

அவரையும் ஐயாவையும் ஊர் வழக்கப்படியான பெயர்களில் ஏற்றி, அந்தப் படியிலும் ஒரு வரி எழுதி ஓட விட்டாள். திரையில் வந்தது: 'தகப்பன் பேர் வேறை. பிள்ளை பேர் வேறை. குடும்பமில்லை. வெளியே.'

அருள்நாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அந்த வரியைத் தானே அழித்தார்.

இந்த முறை சத்தம் கடைசிவரை போனது. தங்கை, புருசன், பிள்ளைகள், எல்லாரும் திரையில் வந்து நின்றார்கள்.

"சரி, உம்மட கத்தலுகளை இனி எடும். சனம் கோல் எடுக்கப் போகுது."

குணவதி எடுத்தாள். 'எவருமில்லை' என்பதையும் எடுத்தாள். அந்த இடத்தில் 'இன்னும் தேடுறம்' என்று எழுதினாள்.

"உது பொய் நம்பிக்கை, குணம்."

"ஆள் இல்லை எண்டு சொல்ல இந்த மெசினுக்கு என்ன தெரியும்? என்ர கையாலை அதை எழுதமாட்டன்."

போன் அடித்தது. ரில்வான் முதல் போனை எடுத்தான். "ஓம் அம்மா, பேரைச் சொல்லுங்கோ," என்றான்.

பிள்ளையள், வெளியே போன உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் பொழுதுபடத் திரும்பி வரட்டும். நீங்கள் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் "ஓம், வாறன்" என்று உள்ளிருந்து குரல் கேட்கட்டும். குஞ்சு குருமானோடு நல்லாயிருங்கோ.