மீனுக்கு விருந்து

என் வீட்டு மனிசனுக்குத் துணி விற்கத் தெரியாது, பாட்டுக் கட்டத்தான் தெரியும். துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு பதுளையிலிருந்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறுவார். கூலிச்சனம் இருக்கிற லயத்து வாசலில் முதலில் பாட்டு, பிறகுதான் சேலை. இத்ரூஸ் நானா வந்துவிட்டார் என்றால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து கூடுவார்கள்.

சண்டை தொடங்கிய வருசம் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மதராசில் குண்டு போட்டது. பதுளு ஓயா ஆற்று வெள்ளத்தைவிடப் பெரிய தண்ணீரைக் காணாத மனிசன், உடனே கப்பல் கும்மி கட்டினார்.

எம்டன் வந்தது எம்டன் வந்தது
எட்டிப் பாருங்கடி – ஆள்
கும்பல் கும்பலாய் மீனுக்கு விருந்து
கும்மி கொட்டுங்கடி

ஊரே பாடியது. நானும் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே பாடியவள்தான்.

மூன்றாம் வருசம் எங்கள் மகன் ஸலீம், கப்பலில் கரி அள்ளும் வேலைக்குக் கொழும்புக்குப் போனான். மடுல்சீமைத் தோட்டத்து வீரய்யாவையும் கூட்டிக்கொண்டு போனான். எங்கேயோ குளிர்க்கடலில் அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டார்கள், இரண்டு பேரும் இல்லை என்று துறைமுகத்து ஆள் வந்து சொன்னான். கழுவ மையித்து இல்லை, அடக்கக் கபுறு இல்லை. வெறும் இடத்தை வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் ஜனாஸா தொழுதார்கள்.

பாட்டு மட்டும் சாகவில்லை. பீலிக்குத் தண்ணீருக்குப் போனால் அங்கே அது. கதவைச் சாத்தினால் தெருவில் போகிற வண்டிக்காரன் வாயில் அது. ஆளில்லாத நேரத்திலும் எனக்குக் கேட்டது. நானும் சும்மா இருக்கவில்லை.

"விருந்து வெச்சீங்களே, உங்கட மீன் நல்லாச் சாப்பிட்டிச்சா?" என்று அவர் சோற்றில் கை வைத்த நேரம் கேட்டுவிட்டேன்.

சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மீன் சமைக்கவில்லை.

வீரய்யாவின் பெண்சாதி இராக்கம்மா காதில் அந்தப் பாட்டு விழக்கூடாது, தோட்டத்தில் நிறுத்தச் சொல்லவேண்டும் என்று ஒருநாள் புறப்பட்டார். பொட்டணி இல்லாமல் அவர் மலையேறியது அன்றைக்குத்தான். நானும் கூடப் போனேன்.

லயத்தை நெருங்கும்போதே கேட்டது. அதே பாட்டு. ஆனால் கும்மி மெட்டு இல்லை, ஒப்பாரி. இராக்கம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இழுத்து இழுத்துப் பாடினாள். 'கும்மி கொட்டுங்கடி' என்ற இடத்தில் சுற்றியிருந்த பெண்கள் மாரில் கொட்டினார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

இவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அத விட்டிரு தாயி. நான் விளையாட்டுக்குக் கட்டின பாட்டு."

"வேற எதப் பாடுறது நானா? எங்க ஒப்பாரியில தேரு இருக்கு, பாடை இருக்கு, சுடுகாடு இருக்கு. கடல் இல்லீங்களே. அவரு கெடக்குற எடம் ஒங்க பாட்டுல மட்டுந்தானே இருக்கு."

மூக்கைச் சிந்திக்கொண்டு அவளே மறுபடியும் கேட்டாள்.

"அந்த மீனு எம்புட்டுப் பெருசு இருக்கும் நானா?"



"நான் கடலக் கண்டதில்ல தாயி."

எனக்கு அவர்மேல் கோபமா, அந்தத் தண்ணீர்மேலா, தெரியவில்லை. ஒப்பாரி வைப்பது எங்கள் மார்க்கத்தில் ஆகாது. ஆனாலும் இராக்கம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அடுத்த அடியை நான் எடுத்தேன். அம்மியில் பாடிய பாட்டுத்தானே, சொல் மறக்கவில்லை.