சுணை படாத இடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒன்றுமே இல்லாத ஒரு தோலிலிருந்து. போன வசந்தத்தில், ஆப்ரிகாட் தோட்டங்கள் நிறைந்த பத்கேன் ஊரில் நான் தோல் மருத்துவம் பார்க்கும் அறைக்குக் கனிஷாய் வந்தாள். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"இப்ப இல்ல, எஜே. கொரோனா வந்த அந்த ஜூலைல இருந்துச்சு. அது எதுனால வந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க."

(எஜே என்றால் அக்கா. அவளைவிட நான் சின்னவள்தான். டாக்டர் என்பதால் அக்காவாகிவிட்டேன்.)

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: "கொரோனா தொற்றில் சிலருக்குக் காய்ச்சலோ இருமலோ வருமுன்பே தோல் தடித்து—"

அடித்துவிட்டேன். அது கட்டுரை. அதில் கனிஷாய்க்கு இடமில்லை.

தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன். ஜூலையில் இங்கே ஆப்ரிகாட் பறிக்காத கை இல்லை, அரிக்காத கையும் இல்லை. பழத்தோலின் மெல்லிய முடி, அந்தச் சுணை, கழுத்திலும் முழங்கையிலும் ஒட்டிக்கொள்ளும். கனிஷாய் சொறிவதைப் பார்த்த ஓரகத்தி சுல்புகான் சும்மா விடவில்லை.

"நீ பழம் பறிக்கிறியா, பழத்துல உருளுறியா?"

"உருண்டும் உன் கூடையைவிட என் கூடைதான் நிறைஞ்சிருக்கு, போடி."

எல்லோரும் சிரித்தார்கள்.*

* இந்தத் தடிப்புக்கு இங்கே 'கழுதைத் தீனி' என்று பெயர். அரிக்கிறவரைத் தவிர யாரும் இதை நோயாக நினைப்பதில்லை.

ஆனால் தடிப்பு வயிற்றிலும் தொடையிலும் இருந்தது. உடுப்புக்குள்ளே, சுணை போகாத இடத்தில், திட்டுத்திட்டாகச் சிவந்து எழும்பியிருந்தது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

3

கணவனுக்குக்கூடவா தெரியாது என்பீர்கள். ஜோல்தோஷ் அப்போது ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். (முதல் வரைவில் அவனை வீட்டிலேயே வைத்திருந்தேன். அவன் "போகாதே" என்று தடுக்க ஆரம்பித்ததும் வெளியே அனுப்பிவிட்டேன். அன்றைக்கு அவளைத் தடுக்க ஒருவரும் இல்லை.)

மறுநாள் பக்கத்து ஊரில் அவள் அப்பா இறந்துபோனார். நெஞ்சு வலி என்றார்கள். இங்கே மகள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, துக்கத்துக்கென்று போட்ட கம்பளிக் கூடாரத்துக்குள் இருக்கும் தாயைப் போய்க் கட்டிக்கொண்டு அழ வேண்டும். கனிஷாய் கூடார வாசலில் நின்றுவிட்டாள். வயிறு அரித்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. டிவியில் பயப்படச் சொன்னது அவை இரண்டுக்கும்தான்.

"ஏண்டி மரமாட்டம் நிக்கிறே?" என்று அத்தைக்காரி முதுகில் தள்ளினாள். "உள்ள உங்க அபா உன்னத்தான் கேட்டுக்கிட்டிருக்கா!" (அபா என்றால் அம்மா.)

போய்க் கட்டிக்கொண்டாள்.

அந்த மாதம் முடிவதற்குள் தாய் மூச்சுத் திணறி இறந்தாள். யாருக்கும் பரிசோதனை நடக்கவில்லை. அப்பா இறந்த அன்று அந்தத் தாயை ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கட்டிக்கொண்டு அழுதிருந்தார்கள்.

4

'நான்தான் கொடுத்தேனா?' இதைத்தான் அவள் கேட்க வந்திருந்தாள்.

அன்றைக்கே பார்த்திருந்தாலும் தோலை மட்டும் வைத்துச் சொல்லியிருக்க முடியாது. தொற்றில் எழும்பும் தடிப்பும் வேறு ஒவ்வாமையில் எழும்பும் தடிப்பும் கண்ணுக்கு ஒன்றுதான். சொன்னேன். நான் இரக்கப்பட்டு மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"அப்ப கதையாவது எழுதுங்க. எழுதுவீங்களாமே. அதுல நான் உள்ள போகக் கூடாது."

எழுதினேன். முடிவு (அ): கனிஷாய் வாசலிலேயே நின்று அழுகிறாள். ஊர் ஏசுகிறது. தாய் பிழைத்து, அடுத்த கோடையில் கூரையில் ஆப்ரிகாட் காயவைக்கிறாள்.

வாசித்துக் காட்டும்போது பாதியில் நிறுத்தினாள்.

"நான் வாசல்ல நின்னப்ப அபா என்ன செஞ்சா?"

"அழுதாங்க."

"யாரைப் பிடிச்சுக்கிட்டு?"

நான் அதை எழுதியிருக்கவில்லை.

"புருஷன் செத்த அன்னைக்கு என்னைப் பார்த்துக் கையை நீட்டியிருப்பா, எஜே. அப்படியே வெறுங்கையோட விட்டுட்டீங்களே. அடிச்சிடுங்க அதை."

அடித்தேன். உடனே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நான் உள்ள போனா அவ செத்துருவாளே..."

எனக்கும் அழுகை வந்தது.

5

முடிவு (ஆ): அவள் உள்ளே போகிறாள். தாய் கையை நீட்டுகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு—

அடுத்த வரியை எத்தனையோ தடவை எழுதி அடித்துவிட்டேன். அவர்கள் அப்படியே இருக்கிறார்கள். பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் போல எழுதவும் மனமில்லை. இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள், நீங்களும் இப்போது அந்தக் கூடாரத்துக்குள்தான் இருக்கிறீர்கள். கனிஷாயின் தோளைத் தொட்டுத் தாயிடமிருந்து பிரித்து எழுப்ப வேண்டுமானால், நீங்கள்தான் எழுப்ப வேண்டும்.