பழைய மார்க்

திரையைத் திருப்பிக் காட்டிய டாக்டருக்கு வாயெல்லாம் பல். "போன சீசன் ஆரம்பத்துல எடுத்த மார்க்கும் இதுவும் ஒண்ணுதாம்மா. பழையபடி ஆயிட்ட. ஞாயித்துக்கிழமை ஃபைனல் ஆடலாம்."

கோல்கீப்பர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தைத் தடுக்கப் பாய்ந்து, கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டு அரை வருடம் ஆகிறது. முதலில் திரைச்சீலையை விலக்கினாலே கண் கூசும். கரண்டி கீழே விழுந்தால் அழுகை வரும். தாங்கு தாங்கென்று தாங்கிய அக்காவிடமே தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். அப்புறம் அதற்கும் சேர்த்து அழுவாள். "இன்னொரு அடி பட்டா ஆட்டம் மட்டும் போகாது, ஆளே தேறுறது கஷ்டம்" என்று அன்றைக்குச் சொன்னவரும் இதே டாக்டர்தான்.

ஆனால் அந்தப் பழைய மார்க் இருக்கிறதே, அதன் யோக்கியதை அவளுக்குத்தான் தெரியும். சீசன் தொடங்குமுன் எல்லாரையும் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து மூளையின் வேகத்தை அளப்பார்கள். நிறம் மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும், காட்டிய சொற்களை ஞாபகமாகச் சொல்ல வேண்டும். பின்னால் தலையில் அடிபட்டால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. அணியின் சீனியர்கள் அவள் காதைக் கடித்தார்கள். "தூங்கி வழியற மாதிரி அழுத்துடி. நாளைக்கு அடிபட்டாலும் ஈஸியா பாஸாயிடலாம், பெஞ்சுல உக்கார வேணாம்." இவளும் தெரிந்த சொல்லை மறந்தவள்போல விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த நடிப்புக்கே ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம்.

அன்றைக்கு மந்தமாக நடித்து வாங்கிய மார்க். இன்றைக்கு உயிரைக் கொடுத்து முயன்றும் அதே மார்க்.

அப்படியானால் நிஜத்தில் நான் எவ்வளவு வேகமாக இருந்தேன்? பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது இந்தக் கேள்விதான். தன் கணக்கு தனக்கே தெரியாமல் போனது வேடிக்கையாகக்கூட இருந்தது.

வெளியே காத்திருந்த அக்கா எழுந்தாள். "என்னடி சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை ஆடலாமாம்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப இனிமே நீயே வண்டிய ஓட்டு!" என்று ஸ்கூட்டர் சாவியை வீசினாள். சோப்பு, சீப்பு, ரிமோட் என்று வீட்டில் எதையும் கையில் கொடுத்துப் பழக்கமில்லாதவர்கள் அவர்கள்; அக்கா வீசுவாள், இவள் பிடிப்பாள். சாவி இவள் தோளில் பட்டுத் தரையில் விழுந்த பிறகுதான் கை மேலே எழுந்தது.

"நான்தான் சரியா போடல," என்றாள் அக்கா அவசரமாக.

சரியாகத்தான் போட்டிருந்தாள். இருவருக்கும் அது தெரியும். இப்போது சாவியை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை கோல் காக்கும் இடம் அவளுடையது. யார் கேட்கப்போகிறார்கள்?

அவள் சாவியை எடுத்து அக்கா கையில் வைத்தாள். டாக்டர் அறைக் கதவை அகலத் திறந்தாள். நான்கைந்து அடி தள்ளிப்போய், முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம் இங்க பாருங்க. அக்கா, நீ போடு. பாவம் பாத்து மெதுவாப் போடாத."

அக்கா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.